நீஸ் நகரத்துச் சலட்: ஒரு தட்டு முழு உணவாவது எப்படி?

சலட் என்றதும் நமக்கு இரண்டு படங்கள் மனதில் வரும். ஒன்று, கல்யாண சஹனில் புரியாணிக்குப் பக்கத்தில் வைக்கப்படும் வெங்காயமும் தக்காளியும் அன்னாசியும் கலந்த சிறு கிண்ணம். மற்றது, உடல் மெலிய விரும்பும் ஒருவர் சோற்றை ஒதுக்கிவிட்டு மெல்லும் பச்சை இலை. முதலாவதில் சலட் ஒரு தொடுகறி, இரண்டாவதில் அது ஒரு தண்டனை. பிரான்ஸ் நாட்டில் பிஸ்த்ரோ எனப்படும் சிறிய உணவகங்களில் மதியவேளையில் பரிமாறப்படும் சலட் இவ்விரண்டிலும் சேராது. ஆழமான தட்டு நிறைய வருகின்ற அதைச் சாப்பிட்டால் வேறு சாப்பாடு தேவைப்படாது. மீன், முட்டை, மரக்கறி, எண்ணெய் எல்லாமே அந்த ஒரே தட்டில் இருக்கும்.

அவ்வகைச் சலட்டுகளில் உலகெங்கும் பெயர்பெற்ற ஒன்றை எடுத்து, அதன் கதையையும் போசணைப் பெறுமானத்தையும் இக்கட்டுரையில் ஆராய்கிறேன். பிஸ்த்ரோக்களில் பிரபலமான இன்னொரு சலட் லியோன் நகரத்துக்குரியது. பன்றி இறைச்சித் துண்டுகள் இல்லாமல் அதைச் செய்வதில்லை என்பதால் அது நமக்கு ஆகாது. நான் தெரிவு செய்தது தெற்கே கடலோரத்தில் பிறந்த சலட் நிசுவாஸ், அதாவது நீஸ் நகரத்துச் சலட். இதில் இறைச்சியே கிடையாது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் 'சால்' என்றால் உப்பு. உப்பிட்ட பச்சிலை என்ற பொருளில் தோன்றிய 'சலாட்டா' என்ற சொல்லே பிரெஞ்சில் 'சலாட்' ஆகவும் போர்த்துக்கேயத்தில் 'சலாதா' ஆகவும் மாறியது. நமது சந்தைகளில் 'சலாது இலை' என்று கேட்டு வாங்குகிறோமே, அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். ஆகவே நுவரெலியாவிலிருந்து வரும் அந்த இலையும் நீஸ் நகரத்துத் தட்டும் பெயரளவில் ஒரே குடும்பத்தவை.

நீஸ் மத்தியதரைக் கடலின் கரையில், இத்தாலிய எல்லைக்கு அண்மையில் இருக்கிறது. 1860ஆம் ஆண்டுவரை அது பிரான்சுக்கு நிரந்தரமாகச் சொந்தமாக இருக்கவில்லை. சவோய் அரச வம்சத்தின் ஆட்சியில் இருந்த அந்தப் பிரதேசம் அவ்வாண்டில்தான் பிரான்சுடன் நிரந்தரமாக இணைந்தது. அதனால் அங்குள்ள மக்களுக்குத் தனியான பேச்சுமொழியும் தனியான சமையலும் உண்டு. பிரெஞ்சுச் சமையலின் அடையாளமான வெண்ணெயும் பாலாடையும் அங்கே பின்தள்ளப்பட்டு, ஸைத்தூன் எண்ணெய் முன்னிற்கிறது. நீஸ் நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் சிறியதாகவும் கருமையாகவும் காய்க்கும் ஒரு ஸைத்தூன் இனம் விளைகிறது. 'நீஸ் ஸைத்தூன்' என்ற பெயருக்குப் பிரான்சில் 2001ஆம் ஆண்டிலிருந்து சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. நம் பகுதிகளில் தேங்காய் எப்படியோ அங்கே ஸைத்தூன் அப்படி.

இந்தச் சலட் ஆரம்பத்தில் ஏழைகளின் உணவு. தக்காளி, உப்பில் பதப்படுத்திய நெத்தலி, ஸைத்தூன் எண்ணெய் ஆகிய மூன்றுமே அதன் அடிப்படை. சூரை மீன் அக்காலத்தில் விலை கூடியது, விசேட நாட்களுக்கு மட்டுமே உரியது. உப்பு நெத்தலி மலிவாகவும் எப்போதும் கையிருப்பிலும் இருந்தது. ஐரோப்பிய நெத்தலி நமது நெத்தலியின் உறவினம்தான். நாம் அதை வெயிலில் காயவைத்துக் கருவாடாக்குகிறோம். அவர்கள் உப்பில் பல மாதங்கள் ஊறவைத்து, முள் நீக்கி, எண்ணெயில் இட்டுப் போத்தலில் அடைக்கிறார்கள். ஒரே பிரச்சினைக்கு இரண்டு கடற்கரைகள் கண்டுபிடித்த இரண்டு விடைகள் இவை.

காலப்போக்கில் தட்டு நிறைந்தது. அவித்த முட்டை, பச்சை மிளகாய் இனத்தைச் சேர்ந்த காரமற்ற நீள்மிளகாய், வெங்காயத்தாள், முள்ளங்கி, வெள்ளரிக்காய், இளம் அவரை விதைகள், பேசில் எனப்படும் துளசியின் இன இலை, சிறிய கறுப்பு ஸைத்தூன் காய்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. சேர்ந்தவற்றுள் இரண்டு பொருட்களால்தான் சண்டை மூண்டது. அவை அவித்த உருளைக்கிழங்கும் அவித்த போஞ்சியும்.

பிரெஞ்சுச் சமையற்கலையின் மிகப் பெரிய பெயர்களுள் ஒன்றான ஓகுஸ்ட் எஸ்கொஃபியே 1846இல் நீஸ் நகருக்கு அண்மையில் உள்ள ஓர் ஊரில் பிறந்தவர். 1903இல் வெளிவந்த அவரது சமையல் வழிகாட்டி நூலில் நீஸ் சலட்டுக்கு உருளைக்கிழங்கும் போஞ்சியும் தக்காளியும் சொல்லப்பட்டுள்ளன. உலகெங்கும் உள்ள உணவகங்கள் அந்த வழியிலேயே சென்றன. ஆனால் நீஸ் நகரத்தவர்கள் இதை ஏற்கவில்லை. அந்நகரின் மேயராக 1966 முதல் 1990 வரை இருந்த ஜாக் மெட்சன் என்பவர் 1972இல் தமது பிரதேசத்துச் சமையல் பற்றி ஒரு நூல் எழுதினார். அவித்த மரக்கறி எதையும், குறிப்பாக உருளைக்கிழங்கை, இந்தச் சலட்டில் சேர்க்கவே கூடாது என்று அதில் கண்டிப்பாகச் சொன்னார். முட்டையைத் தவிர மற்ற எதுவும் அடுப்பைக் காணக்கூடாது என்பது அவரது கட்சி. (மெட்சன் என்ற குடும்பப் பெயருக்குப் பிரெஞ்சில் மருத்துவர் என்று பொருள். அவரோ மருத்துவர் அல்லர். பிற்காலத்தில் ஊழல் வழக்குகளில் சிக்கித் தென்னமெரிக்காவுக்கு ஓடியவர். ஆயினும் அவருடைய சமையல் நூலை இன்றும் மதிக்கிறார்கள்.)

ஒரு கிழங்குக்காக இவ்வளவு பிடிவாதமா என்று சிரிக்கத் தோன்றும். போசணைக் கண்ணால் பார்த்தால் இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு முன் தட்டில் என்ன இருக்கிறதென்று கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒருவருக்கான பிஸ்த்ரோத் தட்டை இப்படி வைத்துக்கொள்வோம்: ஓர் அவித்த முட்டை, வடித்த டின் சூரை மீன் 60 கிராம், நெத்தலித் துண்டுகள் மூன்று, தக்காளி 150 கிராம், பச்சையான குடைமிளகாய் 50 கிராம், சலாது இலை 40 கிராம், அவித்த போஞ்சி 75 கிராம், அவித்த உருளைக்கிழங்கு 100 கிராம், ஸைத்தூன் காய் ஐந்தாறு, ஸைத்தூன் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. உணவுப் பெறுமான அட்டவணைகளைக் கொண்டு கூட்டிப் பார்த்தால் இதன் சக்தி ஏறத்தாழ 470 கிலோகலோரி. புரதம் 29 கிராம், கொழுப்பு 23 கிராம், காபோவைதரேற்று 35 கிராம், நார்ப்பொருள் 7 அல்லது 8 கிராம். மீனின் வகை, தக்காளியின் பருமன், எண்ணெய் ஊற்றும் கையின் தாராளம் என்பவற்றைப் பொறுத்து இவை கூடிக்குறையும்.

இதில் என்னைக் கவர்ந்தது புரதத்தின் அளவு. 14 முதல் 18 வயதுவரையான பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவையான புரதம் 46 கிராம் என்று அமெரிக்கப் போசணைப் பரிந்துரை கூறுகிறது. இந்த ஒரு தட்டில் அதன் பாதிக்கும் மேல் கிடைத்துவிடுகிறது. அதுவும் மீனிலும் முட்டையிலும் இருந்து வரும் முழுமையான புரதம். அதாவது நம் உடலால் ஆக்கிக்கொள்ள முடியாத அத்தியாவசிய அமினோ அமிலங்கள் அனைத்தும் அதில் போதியளவு உண்டு.

இனி இன்னொரு மதிய உணவைக் கணக்கிடுவோம். என் வகுப்பில் மெலிய வேண்டும் என்பதற்காக வெள்ளரிக்காயும் தக்காளியும் மட்டும் வெட்டிக் கொண்டுவரும் தோழிகள் இருக்கிறார்கள். அதையும் சலட் என்றுதான் சொல்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 100 கிராம் எடுத்தால் இரண்டும் சேர்ந்து கிடைப்பது ஏறத்தாழ 33 கிலோகலோரி. புரதம் ஒன்றரைக் கிராம் அளவுதான். இரண்டு மணிக்குப் பாடசாலை விட்டு, மூன்று மணிக்கு ரியூஷன் வகுப்பில் இருந்து, மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைக்கு இது உணவாகுமா? தலைசுற்றுவதும் பாடம் மூளையில் ஏறாதிருப்பதும் அவர்களுடைய குற்றமல்ல, எரிபொருள் இல்லை என்பதே காரணம்.

'சக்தி இல்லாவிட்டாலும் விற்றமின் கிடைக்கிறதே' என்று அவர்கள் பதில் சொல்வதுண்டு. இந்த இடத்தில்தான் நீஸ் நகரத்துத் தட்டு நமக்கு ஒரு நல்ல பாடம் நடத்துகிறது.

விற்றமின்களுள் பி கூட்டமும் சீயும் நீரில் கரைபவை. ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை என்று சாதாரண தரத்திலேயே படித்திருக்கிறோம். பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றுவிட்டு மறந்தும்போகிறோம். சலாது இலையிலும் கரட்டிலும் உள்ள கரட்டீன், தக்காளியைச் சிவப்பாக்கும் லைகோபீன், இலைகளிலும் முட்டை மஞ்சட்கருவிலும் உள்ள லூட்டீன் என்பவை யாவும் கொழுப்பில் கரையும் நிறப்பொருட்கள். இவற்றுள் கரட்டீனை நம் உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். ஆனால் இலையைத் தின்றதும் அவை தாமாகக் குருதிக்குள் போய்விடுவதில்லை. முதலில் இலையின் கலங்களிலிருந்து வெளிப்பட வேண்டும். பின்னர் சிறுகுடலில் உள்ள கொழுப்புத் துளிகளில் கரைய வேண்டும். உணவில் கொழுப்பு இருந்தால்தான் பித்தப்பை சுருங்கிப் போதிய பித்தத்தைச் சுரக்கும். பித்த உப்புகள் கொழுப்பை நுண்ணிய துணிக்கைகளாக்கும். அந்தத் துணிக்கைகளில் ஏறிக்கொண்டுதான் கரட்டீன் சடைமுளைகளின் கலங்களை அடைகிறது. அங்கிருந்து அது நேரே குருதிக்குப் போவதுமில்லை, கொழுப்புடன் சேர்த்துப் பொதி செய்யப்பட்டு நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிப் போகிறது. கொழுப்பு இல்லாத சலட் என்பது பஸ் வராத தரிப்பிடம் போன்றது. பயணிகள் நிற்கிறார்கள், ஆனால் ஏற்றிச் செல்ல வண்டி இல்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே வகையான மரக்கறிச் சலட்டைக் கொழுப்பு நிறைந்த சாறு, கொழுப்புக் குறைந்த சாறு, கொழுப்பே இல்லாத சாறு என மூன்று விதமாகக் கொடுத்து, சாப்பிட்டவர்களின் குருதியைப் பல மணி நேரம் பரிசோதித்தார்கள். கொழுப்பற்ற சாற்றுடன் உண்டபோது கரட்டீன் வகைகள் கிட்டத்தட்ட உறிஞ்சப்படவே இல்லை. 2015இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இன்னும் சுவையானது. அதில் 16 இளைஞர்களுக்குச் சலட்டுடன் முட்டை கொடுக்கப்பட்டது. முட்டையில்லாத சலட்டோடு ஒப்பிட்டால், மூன்று முழு முட்டைகளுடன் உண்டபோது கரட்டீன் வகைகளின் உறிஞ்சல் மூன்று மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. மரக்கறியின் அளவு மாறவே இல்லை, பக்கத்தில் முட்டை இருந்தது, அவ்வளவுதான். மூன்று முட்டை சற்று அதிகம்தான். என்றாலும், மஞ்சட்கருவை ஒதுக்கி வெள்ளைக்கருவை மாத்திரம் உண்போர் எதை ஒதுக்குகிறார்கள் என்பதை இது காட்டுகிறது, ஏனெனில் முட்டையின் கொழுப்பு முழுவதும் மஞ்சட்கருவிலேயே உள்ளது.

நீஸ் நகரத்து மீனவக் குடும்பங்களுக்கு பித்த உப்பைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. தக்காளிக்கு எண்ணெய் ஊற்றினால் ருசி என்று ஊற்றினார்கள். நம்முடைய மூத்தம்மாமாரும் வல்லாரைச் சம்பலுக்குத் தேங்காய்ப்பூவைச் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்தது ருசிக்காகத்தான். இரண்டு இடங்களிலும் இலையோடு கொழுப்பும் புளிப்பும் சேர்ந்திருக்கின்றன. கொழுப்பின் வகை மட்டும் வேறு. ஸைத்தூன் எண்ணெயில் பெரும்பகுதி ஒலெயிக் அமிலம் என்ற நிரம்பாத கொழுப்பமிலம். தேங்காய் எண்ணெயிலோ பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பமிலங்கள். கரட்டீனை ஏற்றிச் செல்ல இரண்டும் உதவும். இதய நலத்தை நினைத்தால் ஸைத்தூன் எண்ணெய் மேலானது. அதற்காக விலை கூடிய போத்தலை வாங்கியே ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இன்றைய விலையில் வாப்பாமாரிடம் அதைக் கேட்கவும் மனம் வராது.

இரும்புச் சத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அது நமது வயதுப் பெண்பிள்ளைகளின் பிரச்சினை. முன்னர் சொன்ன பரிந்துரைப்படி நமக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்பு தேவை. அதே வயது ஆண்பிள்ளைகளுக்கு 11 மில்லிகிராம் போதும். மாதந்தோறும் நாம் குருதி இழப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். தேவை கூடியவர்கள் நாமாக இருக்க, சாப்பாட்டை வெட்டுகிறவர்களும் நாமாகவே இருக்கிறோம். குருதிச்சோகை வந்தால் களைப்பு, மூச்சு வாங்குதல், கவனம் சிதறல் எல்லாம் வரும். வீட்டிலோ அதைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறார்கள்.

நீஸ் சலட்டின் ஒரு தட்டில் இரும்பு ஏறத்தாழ 4 மில்லிகிராம்தான் இருக்கிறது. பெரிய அளவல்ல. ஆனால் அது உறிஞ்சப்படும் சூழல் நல்லது. மீனில் உள்ள இரும்பின் ஒரு பகுதி ஹீம் வகையைச் சேர்ந்தது. அது எளிதில் உறிஞ்சப்படும். மரக்கறியிலும் முட்டையிலும் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் உள்ளே போகாது. முட்டை மஞ்சட்கருவில் இரும்பை இறுகப் பிடித்துவைக்கும் ஒரு புரதமும் இருக்கிறது. ஆகவே முட்டையை மட்டும் நம்பி இரும்புச் சத்துச் சேர்க்க முடியாது. இந்தத் தடையைத் தளர்த்தும் இரண்டு பொருட்கள் அதே தட்டில் இருக்கின்றன. ஒன்று மீன்: மீனிறைச்சி தன்னுடன் உண்ணப்படும் மரக்கறி இரும்பின் உறிஞ்சலையும் கூட்டும். மற்றது விற்றமின் சீ. 150 கிராம் தக்காளியில் ஏறத்தாழ 20 மில்லிகிராமும் 50 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறத்தாழ 40 மில்லிகிராமும் விற்றமின் சீ உண்டு. நமது ஒரு நாள் தேவை 65 மில்லிகிராம். இந்த இரண்டிலேயே கிட்டத்தட்ட நிறைந்துவிடுகிறது.

இப்போது மேயரின் பிடிவாதத்துக்குத் திரும்பலாம். விற்றமின் சீ நீரில் கரைவது, வெப்பத்தில் சிதைவது. மரக்கறியை அவித்து நீரை வடித்தால் ஒரு பகுதி சிதையும், இன்னொரு பகுதி நீருடன் போய்விடும். எனவே எல்லாமே பச்சையாக இருக்கவேண்டும் என்ற நீஸ் நகரத்து விதி, விற்றமின் சீயைப் பொறுத்தவரை சரியானது. அவரது சலட்டில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் இல்லாததால் சக்தி ஏறத்தாழ 360 கிலோகலோரியாகக் குறையும். வயதானவருக்கும் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் அது பொருந்தலாம். ஆனால் வளரும் பிள்ளைக்கு எஸ்கொஃபியேயின் பக்கம்தான் என் வாக்கு. தட்டில் மாப்பொருள் இல்லாவிட்டால் சற்று நேரத்தில் பிஸ்கட் பக்கற்றைத் தேடிப் போவோம். உருளைக்கிழங்கை அவித்து ஆறவைக்கும்போது அதிலுள்ள மாப்பொருளின் ஒரு சிறு பகுதி சமிபாட்டுக்கு எளிதில் உட்படாத வடிவத்துக்கு மாறுகிறது. அது நார்ப்பொருளைப் போலச் செயற்பட்டுப் பெருங்குடலில் வாழும் நல்ல பற்றீரியாக்களுக்கு உணவாகிறது. குளிர்ந்த கிழங்குக்கு இப்படியொரு நன்மை உண்டென்று மேயருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இரும்பைப் பற்றிப் பேசிவிட்டுத் தேநீரைப் பற்றிப் பேசாமல் விடமுடியாது. தேயிலையில் உள்ள தனின் வகைப் பொருட்கள் மரக்கறி இரும்புடன் பிணைந்து அதை உறிஞ்சவிடாமல் தடுக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பது நம் வீடுகளில் வழக்கம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் அந்த இழப்பு பெரிதும் குறையும். இதற்குக் காசு செலவில்லை, மாத்திரையும் தேவையில்லை. எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது உம்மா உடனே ஒத்துக்கொண்டார். வாப்பாவுடன் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

இந்தத் தட்டைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது. இதன் பெரிய குறை உப்பு. மூன்று நெத்தலித் துண்டுகளிலேயே 400 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. டின் மீனும் உப்புநீரில் ஊறிய ஸைத்தூன் காயும் சேர்ந்தால் தட்டின் சோடியம் 800 மில்லிகிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சோடியம் போதும் என்கிறது. மேலும் உப்புத் தூவத் தேவையே இல்லை. குருதியமுக்கம் உள்ள பெற்றோர் நெத்தலியை ஓடும் நீரில் அலசிச் சேர்ப்பது நல்லது, அல்லது சூரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது கல்சியம். இந்தச் சலட்டில் கல்சியம் மிகக் குறைவு. நமது வயதில் எலும்பு வளர்ந்து அடர்த்தியாகிக்கொண்டிருப்பதால் நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் தேவைப்படுகிறது. ஆகவே அன்றைய தினம் பால், தயிர், முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வேறு வேளையில் கிடைக்கவேண்டும். மூன்றாவது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி ஸைத்தூன் எண்ணெயில் ஏறத்தாழ 120 கிலோகலோரி இருக்கிறது. நல்ல எண்ணெய்தானே என்று மூன்று கரண்டி ஊற்றினால் சலட் 700 கிலோகலோரியைத் தாண்டிவிடும்.

சூரை மீனைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக இரசத்தின் செறிவு கூடும் என்று உயிரியலில் படிக்கிறோம். பெரிய சூரை இனங்கள் சங்கிலியின் மேல்மட்டத்தில் இருப்பவை. எனவே கர்ப்பிணித் தாய்மாரும் சிறு குழந்தைகளும் அவற்றை அளவோடு உண்ணவேண்டும் என்று சுகாதார அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. நெத்தலி சங்கிலியின் கீழ்மட்டத்தில், மிதவையுயிர்களை உண்டு வாழ்வது. அதில் இரசம் குறைவு, ஒமேகா 3 கொழுப்பமிலமோ அதிகம். ஏழையின் மீன் பணக்காரரின் மீனை வென்றுவிடும் இடம் இது.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கான செய்முறை கடினமல்ல. உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, ஆறியபின் தோலுரித்து வெட்டுங்கள். போஞ்சியைக் கொதிநீரில் நான்கைந்து நிமிடம் மட்டும் போட்டெடுத்துக் குளிர்நீரில் இடுங்கள், பச்சை நிறம் மாறாது. முட்டையைக் கொதிநீரில் பத்து நிமிடம் அவித்துக் குளிர்நீரில் போடுங்கள். நீண்ட நேரம் அவித்தால் மஞ்சட்கருவைச் சுற்றி ஒரு கரும்பச்சை வளையம் தோன்றும். அது பழுதான முட்டையின் அடையாளமல்ல, வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் சேர்ந்து உண்டாகும் இரும்புச் சல்பைட்டு. கிண்ணத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப்பூண்டை வெட்டித் தேய்ப்பது நீஸ் நகரத்து வழக்கம். பூண்டு தட்டில் தெரியாது, வாசம் மட்டும் இருக்கும். பிரெஞ்சு உணவகங்கள் பல இதற்குத் திராட்சை மதுவிலிருந்து செய்த வினாகிரி சேர்க்கின்றன. மேயரின் செய்முறையில் வினாகிரியே இல்லை, எண்ணெய் மட்டும்தான். நாம் தேசிக்காய்ச் சாறு சேர்க்கலாம், விற்றமின் சீயும் கூடும். சூரைக்குப் பதிலாக வேறு டின் மீன் போட்டாலும், குடைமிளகாய்க்குப் பதிலாகக் கறிமிளகாய் போட்டாலும் போசணைக் கணக்கு பெரிதாக மாறாது. நீஸ் நகரத்தவர் பெயரை மாற்றச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

தக்காளியைச் சாப்பிடும் நேரத்திலேயே வெட்டுங்கள். வெட்டிய பரப்பில் காற்றுப் பட்டால் விற்றமின் சீ ஒட்சியேற்றமடைந்து குறையும். நீஸ் நகரத்தில் இதே பொருட்களை வட்டப் பாணொன்றைப் பிளந்து உள்ளே வைத்து, எண்ணெயும் தக்காளிச் சாறும் பாணில் ஊறும்வரை அழுத்தி வைப்பார்கள். 'பான் பன்யா' என்று அதற்குப் பெயர். நனைந்த பாண் என்பது பொருள். வேலைக்குப் போவோர் கையில் கொண்டுபோகும் உணவு அது. ஆனால் நமது வெப்பத்தில் மீனும் முட்டையும் உள்ள உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஆகவே இது காலையில் கட்டிக்கொண்டு பாடசாலைக்குக் கொண்டுவரக்கூடியதல்ல. வார இறுதியில் வீட்டில் செய்து, எல்லோரும் சுற்றியிருந்து அப்போதே சாப்பிட வேண்டியது.